எது பொது, எது தனி

ஜனவரி 6

வேலைப்பட்டியல் செயலியை ஃப்ளட்டர் என்ற கருவித்தொகுப்பில் எழுதுவதென்று முடிவாயிற்று. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் ஐந்துக்கும் டார்ட் மொழியில் ஒரே நிரல். 2018 டிசம்பரில் கூகுள் ஃப்ளட்டரின் 1.0 பதிப்பை வெளியிட்டபோது கைபேசிகளுக்கு மட்டுமே இருந்தது. 2022இல் மேசைக் கணினிகளும் முழுமையாகச் சேர்ந்தன. பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் ஃப்ளட்டர் தானே வரைவதால் எங்கும் ஒரே முகம். தனியாளாக எழுதுகிற எனக்கு இது வரம். இனி யோசிக்க வேண்டியது, எதைப் பொதுவில் வைப்பது, எதைத் தனியே விடுவது என்பதுதான்.

ஜனவரி 15

தரவு பயனரின் சாதனத்திலேயே, எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கும். இணையம் வரும்போது சாதனங்கள் ஒத்திசையும். ஒருவர் கைபேசியில் ஒரு வேலையை 'முடிந்தது' என்று குறிக்கிறார். அதே வேலையின் தலைப்பை மடிக்கணினியில் திருத்துகிறார். இரண்டிலும் இணையம் இல்லை. கடைசிப் பதிவே நிற்கும் என்று விட்டால் ஒரு மாற்றம் அழிந்துவிடும். எனவே தலைப்புக்கும் நிலைக்கும் தனித்தனி மாற்ற எண்கள். எது பிந்தியது என்று அறியச் சாதனக் கடிகாரத்தை நம்ப முடியாது. லெஸ்லி லாம்போர்ட் 1978இல் விளக்கிய தருக்கக் கடிகாரம், ஏறிக்கொண்டே போகும் வெறும் எண், இங்கே கைகொடுக்கிறது. இது முழுக்கப் பொது நிரல்.

ஜனவரி 28

நினைவூட்டலில் பாதை பிரிகிறது. ஒரு செயலி முன்கூட்டிக் குறித்துவைக்கும் அறிவிப்புகளில் நேரம் நெருங்கிய 64ஐ மட்டுமே ஐபோன் வைத்துக்கொள்ளும். குறித்த நிமிடத்தில் எழுப்ப, ஆண்ட்ராய்டு 12 முதல் தனி அனுமதி தேவை. ஆகவே என்ன, எப்போது என்பதைப் பொதுப் பகுதி தீர்மானிக்கும். எப்படி எழுப்புவது என்பதை அந்தந்தச் சாதனப் பகுதி பார்த்துக்கொள்ளும்.

பிப்ரவரி 4

சென்னையில் காலை 6 மணிக்கு மாத்திரை சாப்பிடுபவர் சிங்கப்பூர் போகிறார். நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்தால் அங்கே 8.30க்குத்தான் மணி அடிக்கும். காணொளிக் கூட்டத்துக்கு அதுவே சரி. அன்றாடப் பழக்கத்துக்கு அவர் இருக்கும் ஊரின் 6 மணிதான் வேண்டும். இரண்டு வகை நேரத்தையும் தனித்தனியே சேமிக்கிறேன்.

பிப்ரவரி 11

இன்று முழுக்கப் பொதுப் பகுதிக்கான சோதனைகள். நேரக் கணக்கு இங்கே சரியானால் ஐந்து தளங்களிலும் சரி; தவறினால் ஐந்திலும் மாத்திரை நேரம் தவறும். தம் நாளை நம்பி ஒப்படைப்பவருக்காக, திரையழகைவிட இதற்கே அதிக நேரம் தருவேன்.