சுவர் ஏறாத பல்லி

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சாமராஜநகர் வழியாக பிலிகிரிரங்கன் மலையைச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அப்போதுதான் மழை விட்டிருந்தது. ரங்கநாதரை மறுநாள் சேவித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நான் தேடி வந்தது இரவில்தான் வெளியே வரும்.

தங்கிய வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகள். வீட்டுக்காரரான சோலிகர் பழங்குடிப் பெரியவர் டார்ச்சைத் தாழப் பிடித்தபடி முன்னே நடந்தார். என் கண்ணோ சுவரையும் மரத்தையுமே துழாவியது. "கீழே பாருங்க சார், சருகுல" என்றார், கன்னட வாடை வீசும் தமிழில்.

இருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட வராத உடம்பு. காய்ந்த இலையின் பழுப்பு. முதுகில் கறுப்பு விளிம்பு கட்டிய திட்டுகள். ஒரு கண்ணில் தொடங்கிப் பிடரியைச் சுற்றி மறு கண்ணில் முடியும் பிறை போன்ற பட்டை. தலைக்கு மீறிய கண்கள், இமையே கிடையாது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எத்தனை அழகு அந்த ஒரு செய்கை!

நான் அதிக நேரம் பார்த்தது விரல்களைத்தான். நம் வீட்டுப் பல்லிக்கு விரலடியில் அகன்ற பட்டைகள் உண்டு. அவைதான் அதைச் சுவரில் பிடித்து நிறுத்துகின்றன. இதற்கு அவை இல்லை. மெல்லிய விரல், நுனியில் நகம், அவ்வளவே. பகலில் கல்லடியிலும் சருகடியிலும் ஒதுங்கும், இரவில் தரையிலேயே பூச்சி பிடிக்கும். பஞ்சாங்கத்தின் 'பல்லி விழும் பலன்' இதற்குப் பொருந்தவே பொருந்தாது.

கொள்ளேகால் தரைப்பல்லி என்று பெயர். 1870-இல் இதை முதலில் விவரித்தவர் சென்னை மாகாண வனத்துறையின் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். அன்று கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா; 1956-இல்தான் மைசூரோடு சேர்ந்தது. அதே பெட்டோம் ஒடிசாவின் ஜேபூரில் கண்ட இன்னொரு தரைப்பல்லி, அதன்பின் 130 ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. சருகின் நிறத்தில் இருப்பதை நின்று தேட எத்தனை பேருக்குப் பொறுமை இருந்திருக்கும்?

காலையில் வீட்டம்மா வாசல் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். காப்பிச் செடியடிச் சருகை மட்டும் விட்டுவிடும்படி கேட்டேன். பெரியவர் சிரித்தார். "அதை நாங்க எப்பவும் தொடறதில்ல, சார். காப்பிக்கு அதுதான் எரு."