இடமறிந்து இடுக

ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வையாது வேறிடத்தில் வைப்பதே 'ளுல்ம்' என்று அரபு மொழிவாணர் பொருள் கூறுவர். மதரஸாவில் இச்சொல்லை விளக்கும்போதெல்லாம் கொடுங்கோல் மன்னரையே மாணவர்க்கு எடுத்துக்காட்டுவது வழக்கம். நம் இல்லங்களின் அலமாரியில் கிடக்கும் ஒரு சிறு களிம்புக் குழாயும் இதற்குச் சான்றாகும் என்பதை நாம் கண்டு வருகிறோம்.

ஸ்டீராய்டு களிம்பைப் பற்றியே கூறுகிறோம். சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பியில் இறைவன் ஊறச் செய்யும் நீரை ஒத்தது இம்மருந்து. 1952-இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், ஹைட்ரோகார்டிசோனை மேற்பூச்சாகத் தடவத் தோலின் அழற்சி தணிவதைக் கண்டு வெளியிட்டனர். அதன்பின் கரப்பான் நோயினர் பெற்ற ஆறுதல் சிறிதன்று.

ஆயினும் நம்மவர் இதனை இருவகையில் இடம் மாற்றி வைக்கின்றனர்.

நம்மிடம் ஓத வரும் பிள்ளைகள் சிலருக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான் படர்ந்திருக்கிறது. ஒரு கை கிதாபின் மீதிருக்க, மறு கை ஓயாது சொறிந்துகொண்டிருக்கும். இரவுறக்கம் கெட்டுக் கண் சிவந்திருக்கும். மருத்துவர் களிம்பு தந்தே இருப்பார். 'ஸ்டீராய்டு' என்னும் பெயருக்கஞ்சித் தாயார் அதனைத் திறவாமல் வைத்திருப்பார். அல்லது கடுகளவு தடவி மறுநாளே நிறுத்திவிடுவார். மருந்தைத் தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்க, கிடைத்த மருந்தைப் பிள்ளைக்கு மறுப்பது எங்ஙனம் முறையாகும்?

அளவறிய எளிய வழியுண்டு. வளர்ந்தவர் சுட்டுவிரலின் நுனி முதல் முதற்கோடு வரை நீளமாகப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம் ஆகும். விரல்களுடன் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். மருத்துவர் குறித்த நாள்வரை, குறித்த வேளையில் தடவினால் அஞ்ச வேண்டியதில்லை.

மற்றொரு சாரார் அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சுவதில்லை. நம் உறவினர் இல்லத்துப் பெண்ணொருத்திக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. முகம் வெளுக்க வேண்டுமென்று, மருத்துவரைக் கேளாமல் ஒரு மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தந்தனர். முதலில் முகம் பொலிந்தது. சில திங்களில் தோல் மெலிந்து செந்நரம்புகள் தெரிந்தன, பருக்கள் எழுந்தன, மெல்லிய உரோமம் அரும்பியது. நிறுத்தினாலோ முகம் தீப்பட்டாற்போல் எரிந்தது. மணநாளில் அப்பெண் தலை நிமிரவேயில்லை. அல்லாஹ் அழகுறப் படைத்த நிறத்தைக் குறையெனக் கருதியதன்றோ இத்துயரின் வேர்!

ஹைட்ரோகார்டிசோன் மென்மையானது; பீட்டாமெத்தசோன் வாலரேட் வலியது; குளோபெட்டசால் மிக வலியது. முழங்காலுக்குத் தகுந்தது முகத்துக்குத் தகாது. கண்ணருகே நெடுநாள் தடவினால் கண்ணழுத்த நோயும் கண்புரையும் தோன்றக்கூடும். படர்தாமரையில் தடவினாலோ அரிப்பு மட்டும் அடங்கும். காளான் கிருமி மறைவாகப் பரவும். இந்திய அரசு 2018-இல் இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென அறிவித்தது. சட்டத்தைக் கடைக்காரர் மறந்தாலும் நாம் மறத்தல் தகாது.

மார்க்க ஐயம் எழுப்புவோரும் உளர். மேனியில் தடவும் களிம்பால் நோன்பு முறியாது. தோலில் ஊறிப் பிசுக்கு மட்டும் எஞ்சினால் உளூவுக்குத் தடையில்லை. நீர் தோலைச் சேராதவாறு கனமாகப் படிந்திருப்பின் அதனை நீக்குதல் வேண்டும் என்பர் ஃபிக்ஹு நூலார். உளூச் செய்தபின் ஈரம் முற்றும் உலருமுன் மருந்து கலவாத ஈரங்காக்கும் பூச்சைத் தடவி வருதல் கரப்பானுக்குப் பெரிதும் நலம் தரும்.

வேண்டிய பிள்ளைக்கு மறுப்பதும் ளுல்ம். வேண்டாத முகத்தில் பூசுவதும் ளுல்ம். நம் மேனி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அதற்குரிய நீதியைச் செலுத்த வல்ல இறைவன் நமக்குத் தௌஃபீக் செய்வானாக!