கன்றின் பங்கு

ரமளான் மாதத்தில் ஸஹர் உணவின் முடிவில் பால் ஊற்றிப் பிசைந்த சோறும் ஒரு வாழைப்பழமும் உண்பது நம் இல்லத்து நெடுநாள் வழக்கம். குழம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பால் சோறு இருந்தாக வேண்டும். பகற்பொழுது முழுவதும் வயிற்றைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது அதுவே என்பது நம் தாயாரின் தீர்ப்பு. சங்கரன்கோவில் வெயிலை அறிந்தோர் அத்தீர்ப்பை மறுத்துப் பேசத் துணியார்.

2020-ஆம் ஆண்டில் அந்தப் பால் சோறே நமக்கு ஒரு கேள்வியாயிற்று. மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. விசைத்தறியின் ஓசையிலேயே உறங்கி விழித்துப் பழகிய நம் தெரு, ஒரே நாளில் ஊமையாகி விட்டது. நம் வீட்டிற்குச் சோறு போடுவதும் தறியே. வாரக்கூலி நின்ற சில நாட்களில், கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எதைக் குறைப்பது என்று பார்க்கலானோம். முதலில் இறைச்சி போயிற்று. அடுத்து நின்றது பால். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர்.

நமக்குப் பால் ஊற்றி வந்த கோனார், ஊருக்கு வெளியே இரண்டு கலப்பின மாடுகளை வைத்துப் பிழைப்பவர். பாதிப் பாலைத் தேநீர்க் கடைகளுக்கே கொடுத்து வந்தார். கடைகள் மூடப்பட்டன, மாட்டின் மடி மூடிக்கொள்ளவில்லை. பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் விலை ஏறின. பாலைக் குறைக்கச் சொல்ல நாம் வாசலில் காத்திருந்த அன்று, அவர் முந்திக்கொண்டு, “பாய், இன்னும் ஒரு லிட்டர் கூட வாங்கிக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்தே போடுகிறேன்” என்றார்.

உள்ளிருந்து தாயார் கேட்டார்: “கோனாரே, மாடு ஈன்று மாதம் ஆகவில்லையே, கன்று வயிறாரக் குடிக்கிறதா?”

கோனார் தரையைப் பார்த்தார். “காளைக் கன்று, அம்மா” என்றார்.

கேட்ட கேள்விக்கு அது விடையன்று. ஆனால் அதைவிடத் தெளிவான விடையும் இல்லை. மாடு ஈன்றால்தான் பால். ஈனுகின்ற கன்றுகளில் ஏறக்குறையச் சரிபாதி காளை. ஏரும் வண்டியும் ஓடிய காலத்தில் காளைக் கன்று வீட்டின் செல்வம். இன்று உழுவது டிராக்டர். மேலும், திமில் இல்லாத கலப்பினக் காளையின் கழுத்தில் நுகத்தடியும் சரியாய் நிற்பதில்லை. ஆகவே அதற்கு ஊட்டும் பால் ஒவ்வொரு துளியும் வீண் செலவாகிவிடுகிறது. பால் சுரப்பதற்காக மட்டும் ஊட்டவிட்டு, உடனே இழுத்துக் கட்டிவிடுவர். கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறப்பதும் உண்டு. தாய் அதையும் நக்கிக் கொடுக்கும்.

மறுநாள் காலை தொழுவத்திற்குச் சென்று பார்த்தோம். கன்றின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. இளங்கன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு பால் நாள்தோறும் வேண்டும் என்பர். இருபத்தைந்து கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர். நாம் வாங்கிய ஒன்றரை லிட்டர் எவர் கணக்கிலிருந்து வந்தது என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய ‘மின்ஹாஜ்’ என்னும் நூலில், கன்றுக்குத் தீங்கு நேருமளவிற்குக் கறத்தல் ஆகாது என விதித்துள்ளார்கள். மனைவி மக்களின் வாழ்வுப்படியைப் பேசும் பாடத்தின் இறுதியிலேயே அச்சட்டம் வருகிறது என்பதை நேயர்கள் நோக்க வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பசியால் வீட்டைவிட்டு வெளியேறி, அன்ஸாரித் தோழர் ஒருவரின் விருந்தினராய் அமர்ந்த போது, கத்தியை எடுத்த அவரிடம் பால் கறக்கும் ஆட்டை அறுக்க வேண்டாம் என்று தடுத்த வரலாறு ‘முஸ்லிம்’ நபிமொழித் தொகுப்பில் உள்ளது. பசித்த வயிற்றோடு சொன்ன சொல் அது.

இடையே ஒன்று சொல்லாமல் இருக்க இயலவில்லை. கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்கலாகாது என்று ஒன்றிய அரசு 2017 மே மாதம் விதி வகுத்தது. அம்மாதம் 30-ஆம் நாள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. அந்நாட்களில் மாட்டின் பாவம் முழுவதும் நம் சமுதாயத்தின் கணக்கில் எழுதப்பட்டது. வற்றிய மாட்டையும் வேண்டாத காளையையும் சந்தைக்கு அனுப்புவது பால் தொழிலின் கணக்கு. அந்தப் பாலைப் பருகாத வீடு எந்தத் தெருவிலும் இல்லை. இதை நாம் பலரிடம் வாதாடியதுண்டு. ஆனால் அந்த வாதம், தொழுவத்தில் நின்ற அன்று நம்மையும் சேர்த்தே சுட்டது.

வாங்குவதை அறவே நிறுத்தினால் கோனார் மாட்டையே விற்பார். வாங்கினால் கன்று காயும். முடிவில், “ஒன்றரை லிட்டருக்கும் காசு தருகிறோம், ஒரு லிட்டர் ஊற்றும், மிச்சம் கன்றுக்கு” என்றோம். அவர் ஒப்பவில்லை. “கறக்காத பாலுக்குக் காசு வாங்கவா, பாய்?” என்று சற்றே கோபித்தார். தாயார்தாம் வழி கண்டார். தெருவில் ஏழெட்டு வீடுகளின் கழுநீரையும் வடிகஞ்சியையும் காய்கறித் தோலையும் ஒரு குடத்தில் சேர்த்து நாம் தருவது. அவர் ஒரு காம்பைக் கறக்காமல் கன்றுக்கு விடுவது. குடத்தைச் சுமந்தவன் நம் இளைய மகன்.

ஏப்ரல் 25-இல் நோன்பு பிறந்தது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவில்லை. ஸஹரில் குழந்தைகளுக்கு மட்டும் பால் சோறு. நமக்கு நீராகாரமும் சின்ன வெங்காயமும். தாயாருக்கென ஒரு குவளைப் பால் எடுத்து வைத்தோம். முதல் மூன்று நாட்களும் அதைப் பேரப்பிள்ளைகளின் தட்டில் ஊற்றிவிட்டார்; நான்காம் நாள் நாம் எடுத்து வைக்கவில்லை.

மே 11 முதல் தேநீர்க் கடைகளில் பார்சல் விற்க அரசு இசைவளித்தது. கோனாரின் முகத்தில் சிறிது தெளிவு வந்தது. அதன் பின்னரும் அந்தக் காம்பை அவர் கறக்கவில்லை என்று மகன் வந்து சொன்னான்.

கன்று பிழைத்தது. அடுத்த ஆண்டு பொங்கலுக்குப் பின் அதை விற்றுவிட்டார். யாருக்கு என்று நாம் கேட்கவில்லை, தாயாரும் கேட்கவில்லை. தறி மீண்டும் ஓடியதும் நம் வீட்டில் இறைச்சியும் திரும்பி வந்திருந்தது. இப்போது முதுமையால் கோனார் மாடு வைப்பதை விட்டுவிட்டார். விடியலில் பாக்கெட் பால் வருகிறது. உறையைக் கத்தரிக்கும் போதெல்லாம் தாயார் இன்னமும் ஒரு கணம் வாசலைப் பார்க்கின்றார்.