மகிழடியில் நின்ற சாட்சி

திருவொற்றியூர்க் கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை நடக்கும். சங்கிலியாரை மணக்குமுன், பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஊர்விட்டு ஊர் செல்பவர் அவர். ஆகவே, சத்தியம் செய்யும் நேரத்தில் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் இருக்கும்படி இறைவனிடமே கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மரத்தடியிலேயே வாங்கச் சொல்லிவிட்டார். பின்னாளில் ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது சுந்தரர் பார்வை இழந்தார் என்கிறது பெரியபுராணம். சிறுவயதில் வேடிக்கையாகக் கேட்ட இக்கதையின் பொருள் எனக்கு விளங்கியது அதே ஊரில், ஒரு சரக்குப்பெட்டக நிலையத்தின் சர்வர் அறையில்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழிக் காலை. வாயில் சீட்டு அச்சாகவில்லை. சீட்டு இல்லாமல் லாரி துறைமுகத்துக்கு நகராது. எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஆவணங்கள் அனைத்தும் வலையமைப்பில் இணைந்த ஒரு சேமிப்பகத்தில் இருந்தன. ‘ஸ்டோரேஜ்’ என்போம். சர்வர் அதைத் தொட்டதும் ‘அனுமதி இல்லை’ என்ற ஒற்றை வரிதான் பதில்.

வழக்கமான படிகளில் இறங்கினேன். பிங் செய்தால் பதில் வந்தது, கம்பியில் குறையில்லை. கோப்புகளுக்கான போர்ட் திறந்திருந்தது. ஆக இணைப்பு நலம், அடையாளச் சோதனையில்தான் கோளாறு. இரவுப்பணி இளைஞனைக் கூப்பிட்டேன்.

“தம்பி, பாஸ்வேர்டை மாத்தினியா?”

“நான் எதையுமே தொடல சார். அம்மா சத்தியமா.”

நான் நம்பவில்லை. நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், நேற்றிரவு இருந்தவன்தானே காரணம்? நான்குபேர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். பிறகு ஒரு மணிநேரம் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியாக என் கணக்கிலேயே நுழைந்தேன். எனக்கும் அனுமதி இல்லை.

அப்போதுதான் சர்வரை விட்டு, சேமிப்பகத்தின் சொந்தப் பதிவேட்டைத் திறந்தேன். நேர வேறுபாடு மிக அதிகம் என்று வரிக்கு வரி எழுதிவைத்திருந்தது.

அங்கே அடையாளம் காட்டும் முறை கெர்பரோஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980களில் உருவானது. கிரேக்கப் புராணத்தின் மூன்றுதலைக் காவல்நாயின் பெயர். இதில் கடவுச்சொல் வலையில் பயணிப்பதில்லை. நடுவில் ஒரு சாட்சி இருந்து, நேரம் குறித்த சீட்டொன்றைத் தருகிறது. இரு பக்கக் கடிகாரங்களும் ஐந்து நிமிடத்துக்குமேல் விலகினால் சீட்டு செல்லாது. பழைய சீட்டைத் திருடி மீண்டும் நீட்டுபவனைத் தடுக்கவே இந்த வழக்கம்.

சேமிப்பகத்தின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுமேல் பின்தங்கியிருந்தது. மற்ற சர்வர்கள் உள்ளேயே ஓரிடத்தில் நேரம் பெற்றன. இது மட்டும் வெளியிலிருந்து, 123ஆம் போர்ட் வழியாக. அந்தப் போர்ட்டைப் பாதுகாப்புக்கென்று ஃபயர்வாலில் அடைத்தது யார் என்று தேடினேன். என் பெயரே இருந்தது. ஏறக்குறைய நூறு நாள்களுக்கு முந்தைய தேதி. நாளுக்கு மூன்று நொடி வீதம் பிந்தினால், நூறு நாளில் ஐந்து நிமிடம்.

போர்ட்டைத் திறந்து கடிகாரத்தைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஆயிற்று. சீட்டுகள் அச்சாகத் தொடங்கின.

அவன் வாசலில் தேநீர்க் கடையோரம் நின்றிருந்தான். “தப்பு என்மேலதான் தம்பி” என்றேன். கடிந்தபோது இருந்த நான்குபேர் இப்போது அருகில் இல்லை என்பது உறுத்தியது. உள்ளே அழைத்துப்போய் அவர்கள் முன்னிலையில் இன்னொருமுறை சொன்னேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டே, “வண்டிங்க கிளம்பிடுச்சா சார்?” என்று மட்டும் கேட்டான்.