மாமல்லபுரத்தில் ஒரு கடிகாரம்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் சாதாரணமாகக் கடற்கரைக் கோயிலையும் அர்ஜுனன் தபசையும் பார்க்கத்தான் போவார்கள். 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு 8-ஆம் தேதி, பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் அங்கே போனது சதுரங்கம் பார்ப்பதற்காக. 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ஊரையடுத்த பூஞ்சேரியில் நடந்துகொண்டிருந்தது. அன்று பத்தாவது சுற்று.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் என்னைத் திகைக்க வைத்தது அங்கு நிலவிய நிசப்தம். நாற்பது பிள்ளைகளை ஐந்து நிமிஷம் மௌனமாக உட்கார வைப்பதற்கு நான் படும் பாடு எனக்கல்லவா தெரியும்! இங்கேயோ பல தேசத்து மனிதர்கள் வரிசை வரிசையாக அமர்ந்து மணிக்கணக்கில் வாய் திறவாதிருந்தார்கள்.

ஒவ்வொரு பலகையின் அருகிலும் இரட்டைக் கடிகாரம் ஒன்று இருந்தது. ஆட்டக்காரர் காயை நகர்த்திய கையாலேயே தம் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே அவருடைய நேரம் நின்றுவிடும். எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிஷம். மிச்ச ஆட்டத்துக்கு 30 நிமிஷம். இது தவிர, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடக் கிடைக்கும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. 1851-இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் பந்தயத்தில் நேரக் கட்டுப்பாடே கிடையாது. எதிராளி பொறுமை இழக்கும் வரையில் யோசிக்கலாம். 1861-இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வைத்தார்கள். 1883-இல் மீண்டும் லண்டனில், மான்செஸ்டர்வாசியான தாமஸ் பிரைட் வில்சன் வகுத்த முறை வந்தது. ஒரே சட்டத்தின் இரு முனைகளில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றைச் சாய்த்தால் அது நிற்கும், மற்றது ஓடும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைச் சேர்க்கும் முறையை அமெரிக்கரான பாபி ஃபிஷர் கண்டார். 1992-இல் ஸ்பாஸ்கியுடன் ஆடியபோது அதையே உபயோகித்தார்.

அந்த விநாடிகளைப் பற்றி எனக்கு ஒரு சொந்த வழக்கு உண்டு. கல்லூரி நாட்களில் ஒரு பந்தயத்தில் ஆடினேன். அப்போது முள் கடிகாரம்தான். மணி நிறையும் சமயத்தில் நிமிஷ முள் ஒரு சிறு சிவப்புக் கொடியைத் தூக்கும். நிறைந்ததும் கொடி விழும். என்னிடம் ஒரு யானை அதிகமாக இருந்தது. ஆனால் கொடி விழுந்துவிட்டது! "கடிகாரம் ஏமாற்றிவிட்டது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதன் பிறகு எந்தப் பந்தயத்திலும் நான் கலந்துகொள்ளவில்லை.

அன்று மாலை, தூரத்தில் நின்று, பதினாறு வயதுச் சிறுவர் குகேஷ் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுடன் ஆடுவதைப் பார்த்தேன். முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்தவர் அவர். அன்றும் வெற்றி அவர் கையிலேயே இருந்தது. கடைசியில் விநாடிகளின் நெருக்கடியில் ஒரு பிழை நேர்ந்தது, ஆட்டம் போயிற்று. பிரக்ஞானந்தா வென்றதனால் அணிகள் 2-2 என்று சமமாயின. அந்தப் பிள்ளையின் துயரத்தைக் கண்டபோது என் பழைய கொடி மறுபடி விழுந்தது போலிருந்தது.

ஆனால் மறுநாள் காலையில் அவர் திரும்பவும் பலகை முன் அமர்ந்தார். அவருடைய அணிக்கு வெண்கலமும், முதற்பலகை ஆட்டத்துக்காக அவருக்குத் தங்கமும் கிடைத்தன. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அவர் உலக சாம்பியன் ஆனதை நேயர்கள் அறிவார்கள்.

இருவருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து, யார் முகத்தையும் பாராமல் கணக்கு வைக்கும் அந்தப் பெட்டி ஒருவரையும் ஏமாற்றுவதில்லை. நான் ஏமாந்தது ஒரு மணி நேரத்தில் அல்ல. அதற்குப் பிறகு ஆடாமலே கழித்த வருஷங்களில்தான்.

ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கினேன். முதல் ஆட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்தாள். நான் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஸார், உங்கள் நேரம் முடிந்துவிட்டது!" என்றாள், கொஞ்சம் பயத்துடன்.

கடிகாரத்தைக் குறை சொல்லாமல் காய்களை மறுபடி அடுக்கினேன்.