கத்தரிக்காய் எப்பவும் கீழ் மூலையில்

பிப்ரவரியில் நடந்த செகண்ட் ரிவ்யூ அன்னைக்கு நீங்க அந்த செமினார் ஹாலில் இருந்திருந்தா, என் எட்டாவது ஸ்லைடுக்குக் கண்டிப்பா கை தட்டியிருப்பீங்க. எல்லாரும் தட்டினாங்க. ஏழு வாரம், அழகா இறங்குற ஒரு கோடு, மேல "மறதி உள்ள முதியவரின் நினைவாற்றலில் முன்னேற்றம்"னு தலைப்பு. அந்தக் கைதட்டலை உங்ககிட்ட திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுதறேன்.

அந்தக் கோடு என் அம்மிச்சியோடது. வயசு 72, படிச்சது அஞ்சாங்கிளாஸ். இருபது வருஷமா எங்க வீதியில் 15 பொம்பளைங்களை வச்சு மாசச் சீட்டு நடத்தறாங்க. யார் கட்டினாங்க, யார் பாக்கி, யாருக்குச் சீட்டு விழுந்துச்சு, எல்லாக் கணக்கும் மனசிலேயே. நோட்டுனு ஒண்ணு கிடையாது.

போன ஜூலையில், பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து எல்லார் முன்னாடியும், "நீ இந்த மாசம் இன்னும் பணம் கட்டல கண்ணு"ன்னுட்டாங்க. அந்த அக்கா 3-ஆம் தேதியே கட்டிட்டாங்க. பணம் அரிசி டிரம்முக்குள்ள இருந்துச்சு. வச்சது அம்மிச்சியேதான். அந்த அக்கா ஒரு வார்த்தை பேசல, சீட்டை விட்டு விலகிட்டாங்க. அம்மிச்சி பத்து நாள் வாசலுக்கு வரல. மறதிங்கறது ஏதோ சாவியைத் தொலைக்கற காமெடினு நினைச்சிட்டு இருந்தவன் நான்.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். மோகானு ஒரு டெஸ்ட். கனடாவில் உருவானது, 2005-இல் வெளியானது, மொத்தம் 30 மார்க், 26 இல்லைன்னா அதுக்கு மேல வந்தா நார்மல்னு கணக்கு. நூறிலிருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாங்க. 93, 86, 79-னு அம்மிச்சி நிக்காம போனாங்க, நான் 72-க்கே திணறியிருப்பேன். ஆனா ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னப்ப பென்சிலை எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியல. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவங்களுக்கு இந்த டெஸ்டில் ஒரே ஒரு மார்க் கூட்டித் தருவாங்க. அது பத்துமானு எனக்கு இப்பவும் சந்தேகம்தான். கடைசியில் கொஞ்ச நேரம் முன்னாடி சொன்ன அஞ்சு வார்த்தையைக் கேட்டாங்க. ரெண்டுதான் வந்துச்சு.

டாக்டர் சொன்னது: மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட். வயசுக்கு மீறின மறதி, ஆனா டிமென்ஷியா இல்ல. தன் வேலையைத் தானே பார்த்துக்க முடியுது. சிலருக்கு வருஷம் போகப் போக டிமென்ஷியாவா மாறும், சிலருக்கு அப்படியே நிக்கும், சிலர் நார்மலுக்கே திரும்பறதும் உண்டு. பி12, தைராய்டு, பிரஷர், காது கேட்கறது எல்லாம் செக் பண்ணச் சொன்னார். மறதிக்குனு தனியா மாத்திரை எழுதல.

மாத்திரை இல்லைன்னா என்ன, ஆப் இருக்கேன்னு கிளம்பினேன். நாம இன்ஜினியரிங் பசங்க இல்லையா. 16 கார்டு, எட்டு காய்கறி, ரெண்டு ரெண்டா திருப்பி ஜோடி சேர்க்கணும். எத்தனை முயற்சியில் முடிக்கறாங்கன்னு ஆப் எண்ணும். முதல் வெர்ஷனில் ஜோடி சேர்ந்ததும் "போட்டி!"னு திரையில் வந்துச்சு. மேட்ச்சுங்கறதை கூகுளில் போட்டு எடுத்தது, இங்கிலீஷ் மீடியம் புண்ணியம். "யார்கூடடா சாமி போட்டி?"னு அம்மிச்சி கேட்டப்பதான் எனக்கே உறைச்சது.

தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஆடுவாங்க. முதல் வாரம் சராசரி 31 முயற்சி, ஏழாவது வாரம் 13. அதுதான் அந்தக் கோடு.

ரிவ்யூ முடிஞ்ச சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போனேன். அம்மிச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஆடறதைப் பார்த்தேன். மொதக் கார்டைத் திருப்பினாங்க, கத்தரிக்காய். ஒரு நொடி கூட யோசிக்காம விரல் கீழ் மூலைக்குப் போச்சு. அங்கேயும் கத்தரிக்காய். "எப்படி அம்மிச்சி?"ன்னேன். "கத்தரிக்கா எப்பவும் கீழ மூலைலதானே சாமி இருக்கும்?"

எனக்கு வயிறு கலங்கிடுச்சு. லேப்டாப்பைத் திறந்து பார்த்தா, டெஸ்டிங்குக்காக ரேண்டம் ஃபங்ஷனுக்கு ஸீட் 42-னு போட்டது அப்படியே இருக்கு. கோடிங் தெரியாதவங்களுக்கு: ஸீட் மாறலன்னா ஒவ்வொரு தடவையும் கார்டெல்லாம் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். அம்மிச்சி ஏழு வாரமா ஒரே கேள்வித்தாளை எழுதியிருக்காங்க. அந்த வரியை எடுத்துட்டு அன்னைக்கே ஆடச் சொன்னேன். 28.

ஸீட் இல்லாம இருந்திருந்தாலும் என் தலைப்பு பொய்தாங்கறது அதுக்கப்புறம் படிச்சப்பதான் புரிஞ்சது. அமெரிக்காவில் ஆக்டிவ்னு ஒரு பெரிய ஆய்வு, முதல் முடிவு 2002-இல் வந்துச்சு. 65 வயசு தாண்டின 2,802 பேர். சிலருக்கு நினைவாற்றல் பயிற்சி, சிலருக்கு வேகப் பயிற்சி, சிலருக்குத் தர்க்கப் பயிற்சி. எதைப் பழகினாங்களோ அதில் தேறினாங்க, மத்ததுக்கு அது தாவல. அவங்க மறதி நோய் இல்லாத முதியவங்க. அவங்களுக்கே நினைவாற்றல் பயிற்சியோட பலன் பத்து வருஷத்துக்கு அப்புறம் நிக்கல. லுமாசிட்டி ஆப், மறதியைத் தள்ளிப்போடும்கற மாதிரி விளம்பரம் பண்ணினதுக்கு 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. நான் பண்ணினதும் அதே விளம்பரம்தான், இலவசமா.

2022-இல் வந்த இன்னொண்ணு அம்மிச்சி மாதிரி ஆளுங்களை வச்சே நடந்தது. 107 பேர், 78 வாரம். பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் கேம், பாதிப் பேருக்குக் குறுக்கெழுத்து. கேம்தான் ஜெயிக்கும்னு எதிர்பார்த்து ஆரம்பிச்சாங்க, குறுக்கெழுத்து கொஞ்சம் முந்திடுச்சு. உடனே பேப்பர்காரர்கிட்ட ஓடாதீங்க. எதுவுமே செய்யாத மூணாவது குழு அதில் இல்ல, அதனால குறுக்கெழுத்து மறதியை நிறுத்தும்னு சொல்ல முடியாது.

ஆனா ஒரு விஷயம் என்னை விடல. அஞ்சு வார்த்தையில் மூணை விட்டவங்க 16 கார்டோட இடத்தையும் கத்துக்கிட்டாங்களே? இடம் மாறாம, தினமும், அதே நேரத்தில் செஞ்சா ஏதோ ஒட்டுது. மேயோ கிளினிக்கில் ஹேபிட்னு ஒரு பயிற்சி இருக்கு. அதில் கேமோட கூட, ஒரு சின்ன காலண்டர் நோட்டை எப்பவும் கூட வச்சு எழுதிப் பழக்குவாங்க. வீட்டு ஆள் ஒருத்தரும் கூட உட்கார்ந்து கத்துக்கணும். நினைவாற்றலைக் கூட்டற வேலை இல்ல அது, மறந்தாலும் வேலை நடக்கணும்கறதுக்கு.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடம் டிவி ஸ்டேண்டில் இடது மூலை, மாத்தவே கூடாது. பணம் வந்தா மொத வேலை நோட்டு, அப்புறம்தான் டிரம். கட்டினவங்களும் கையெழுத்துப் போடணும். அம்மிச்சிக்கு முதலில் கோபம். "இருவது வருசமா எவகிட்டயும் கையெழுத்து வாங்குனதில்ல, இப்ப என்னைய நம்பலீங்கறயா?" எனக்குப் பதில் வரல. நான் ஹாஸ்டலில் இருந்ததால அம்மாதான் தினமும் சாயங்காலம் அஞ்சு நிமிஷம் கூட உட்கார்ந்தாங்க. மூணு வாரம் ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு. மார்ச் கடைசியில் அவங்களே எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க. இது ஒரே ஒரு ஆள், கிராஃப் கிடையாது.

கைடுகிட்ட ஸீட் விஷயத்தைச் சொன்னேன். "நல்லா வந்திருக்கு, ஏன் கெடுத்துக்கற? ஃபைனலில் யாரும் கேட்கப் போறதில்ல"ன்னார். கேட்கமாட்டாங்கதான். எட்டாவது ஸ்லைடில் இப்ப ரெண்டு கோடு இருக்கு, ஸீட் இருந்தப்ப, எடுத்தப்புறம். "முன்னேற்றம்"கற வார்த்தையை எடுத்தாச்சு. ஃபைனல் ரிவ்யூ அடுத்த வாரம்.

பக்கத்து வீட்டு அக்கா இன்னும் சீட்டில் சேரல. ஆனா போன ஞாயித்துக்கிழமை, அவங்க வீட்டுக்கு நோட்டை எடுத்துட்டுப் போய் அம்மிச்சி காட்டிட்டு வந்தாங்களாம். என்ன பேசினாங்கன்னு சொல்லல. எனக்கு போன் பண்ணினது வேற விஷயத்துக்கு: "அந்தப் பழைய ஆட்டத்தையே போட்டுக் குடு சாமி. புதுசுல கத்தரிக்கா ஓடி ஓடி ஒளிஞ்சுக்குது."

போட்டுக் கொடுத்துட்டேன்.