பாவட்டை இலையின் கரும்புள்ளிகள்

பச்சிலை எவருக்கும் தீங்கு செய்யாது என்று வகுப்பறையில் பலமுறை கூறியிருக்கிறேன். அதனை எனக்குக் கற்பித்தவர் என் பாட்டி. இரப்பர்த் தோட்டத்து லயத்தில் நாங்கள் வாழ்ந்த நாளில், பால்மரம் வெட்டித் திரும்பும் அன்னையின் வீங்கிய முழங்காலுக்கு அவர் பாவட்டை இலையை வதக்கிக் கட்டுவார்.

1984ஆம் ஆண்டில் ஒருநாள், மாணவன் ஒருவன் அவ்விலையை வெயிலுக்கு நேரே பிடித்து, "ஐயா, இதில் புள்ளி புள்ளியாகக் கறுத்திருக்கிறதே, அவை என்ன?" என்று கேட்டான். "ஏதோ நோய்" என்று சொல்லி அமர வைத்தேன். அறியேன் என்றிருக்கலாம், ஆசிரியர் நாவுக்கு அச்சொல் எளிதில் வருவதில்லை.

ஓய்வு பெற்ற பின்னரே உண்மையை அறிந்தேன். அவை நோயல்ல, பாக்டீரியாக்களின் குடியிருப்புகள். செருமானிய அறிஞர் சிம்மர்மான், பாவட்டை இனச் செடிகளின் இலை முடிச்சுகளைப் பற்றி 1902ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். இவ்வுயிர்கள் விதை வழியாகத் தாய்ச்செடியிலிருந்து சேய்ச்செடிக்குச் செல்கின்றன. தளிரின் நுண்துளைகளுள் புகுந்து தங்குகின்றன. அவற்றை இழந்த செடி வளராது குன்றிப்போகிறதாம்.

தென்னாப்பிரிக்காவில் பாவட்டையின் உறவுச் செடிகள் சிலவற்றை மேய்ந்த ஆடுமாடுகள், நலமாகவே திரிந்து, நான்கு முதல் எட்டு வாரங்கள் கழித்துத் திடீரென வீழ்ந்து மடிகின்றன. இதயத் தசை நலிவதே காரணம். அதற்கு அங்குள்ளோர் இட்ட பெயரின் பொருள் 'விரைவு நோய்'. பாவெட்டமின் என்னும் நஞ்சு 1995இல் பிரித்தறியப்பட்டது. அந்நோய் தரும் செடிகள் யாவற்றின் இலைகளிலும் பாக்டீரியாக்கள் வாழ்வதால் ஐயம் அவற்றின்மேல் விழுந்துள்ளது. சீனர் மருந்தாகக் கொள்ளும் ஆர்டிசியா கிரெனாட்டா செடியிலோ ஐயத்திற்கே இடமில்லை. 1988இல் அச்செடியிலிருந்து ஒரு கடும்பொருளைப் பிரித்தெடுத்தனர். உயிரணுவுக்குள் செய்தி செல்லும் வழியையே அஃது அடைத்துவிடும். அதனை ஆக்குவது செடியன்று, இலையோரத்து முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா.

பாட்டியின் இலை நஞ்சென்று நான் சொல்லவரவில்லை. அவர் அதனை மேலே கட்டினாரேயன்றி உள்ளுக்குக் கொடுத்ததில்லை. அந்த வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். நானோ அதனை விட்டுவிட்டு, 'தீங்கு செய்யாது' என்பதை மட்டும் முப்பது ஆண்டுகள் ஓதினேன். என் சொல்லை நம்பி எவரேனும் பேரறியாப் பச்சிலையை இடித்துக் குடித்திருந்தால்? இவ்வெண்ணம் சில இரவுகளில் உறங்கவிடுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் அம்மாணவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. "அன்று உனக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன், தம்பி" என்றேன்.

"எதை, ஐயா?" என்றான். அவன் மறந்தே போயிருந்தான். பந்தியில் அவனருகே அமர்ந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.